நான் ஒரு நூல் வெளியிட்ட கதை

நம் இதழின் ஆசிரியர் அவர்கள் என்னைக் காணும்போதெல்லாம், "விழாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டு வந்தார். விழா நடந்ததோ நம் சங்க மண்டபத்தில். உறுப்பினருள் பாதிப்பேர் நேரில் கண்டது. கண்டவர்களுக்கே கதை சொல்வானேன் என்று தட்டிக்கழித்து வந்தேன். ஆயினும் அன்று மண்டபத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு முழு விடையளிக்க நேரம் இடந்தரவில்லை. அதனை எழுத ஓரிடம் வேண்டியிருப்பதால் இப்போது இசைந்தேன்.

அறியாத அன்பர்களுக்காக ஒரு சொல். நான் கல்யாண் இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தன். படிப்பு பத்தாம் வகுப்பு. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. இத்தகையவன் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றி நூல் எழுதுவதாவது என்று சிரித்தவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி எங்களைப் போன்றோர் தனியாக வாணிகம் செய்தல் கூடாது. வாணிகம் செய்யக்கூடாதவன் வாணிகம் பற்றி எழுதினான்! முறைப்படி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றேன். விற்பனையையும் வருவாயையும் சங்க நூலகத்துக்கே ஒப்படைத்துவிட்டேன்.

'ஸ்டார்ட்அப்' என்று பிள்ளைகள் சொல்வதைத் தமிழக அரசு 'புத்தொழில்' என்று எழுதுகிறது. நல்ல சொல்லே. என் தாயார் மட்டும் "பையன்கள் ஆரம்பிக்கிற கம்பெனி" என்பார். அதிலும் பிழையொன்றும் இல்லை. கடை வைப்பவர் முதல் மாதத்திலிருந்தே இலாபம் பார்க்க விரும்புவார். இவர்களுள் பெரும்பாலோர் பல ஆண்டுகள் நட்டத்திலேயே நடத்தி, பிறர் தரும் முதலைக்கொண்டு விரைந்து வளரப் பார்ப்பவர்கள். வேறுபாட்டின் வேர் இதுதான்.

இந்நூலை எழுதத் தூண்டியது என் மைத்துனனுக்கு வந்த ஒரு கடிதம். அவன் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளம் போக, இத்தனை பங்குகள் என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் முப்பது இலட்சம் ரூபாய் என்றான். அவ்வாண்டே அவனுக்குப் பெண் பார்த்தோம். பெண்ணின் தந்தையார் அந்த முப்பது இலட்சத்தை நகையை எண்ணுவதுபோல் எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. நிச்சயம் முறிந்தது. காரணம் வேறு சொன்னார்கள்.

அந்த இரவு என் மாமனார் அக்கடிதத்தை என் கையில் கொடுத்து, "இதுல எங்கே பணம் இருக்கு, காட்டுங்க மாப்பிள்ளை" என்றார். நானும் அவரும் அகராதியை வைத்துக்கொண்டு விடியும்வரை படித்தோம். பங்கைக் கொடுத்ததாக அதில் இல்லை. பின்னொரு நாள் குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமைதான் இருந்தது. அவ்வுரிமையும் ஓராண்டு முடிந்த பிறகே கால் பங்கு கனியும். முழுதும் கனிய நான்காண்டு ஆகும். எட்டு மாதத்தில் கனிந்தது ஒன்றுமில்லை. அச்சிட்ட எழுத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. இதைத் தமிழில் ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் வேறு வகையில் பேசியிருக்கும் என்று தோன்றியது. சில ஆண்டுகள் கல்யாணுக்கும் மும்பைக்கும் இடையே ஓடும் வண்டிகளிலும், இரவுப் பணியில் ஓய்ந்த நேரங்களிலும் எழுதினேன்.

நூலின் முற்பகுதி வென்றவர்களின் வரலாறு. பிளிப்கார்ட்டை எனக்கு மிகவும் பிடிக்கும், அது புத்தகம் விற்கத் தொடங்கியது என்பதால். 2007-இல் பெங்களூரில் சச்சின் பன்சல், பின்னி பன்சல் என்னும் இருவர் தொடங்கினர். ஒரே பெயரினராயினும் உறவினர் அல்லர். முதல் புத்தகம் மகபூப்நகரில் இருந்த ஒருவருக்குச் சென்றது. 2018-இல் வால்மார்ட் நிறுவனம் இதன் 77 விழுக்காட்டுப் பங்கினை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்து, 2010-இல் சென்னையில் தோன்றிய பிரஷ்வொர்க்ஸ். திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கியது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் அதன் பங்குகள் ஏறியபோது ஊழியர்களில் ஐந்நூறு பேருக்குமேல் கோடீசுவரர் ஆயினர். என் மைத்துனனுக்குக் கிடைத்தது போன்ற கடிதமே அவர்கள் கையிலும் இருந்தது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ வேறு வழி. 1996-இல் வேறு பெயரில் தொடங்கி, வெளியார் முதலை நம்பாமல், தன் வருவாயிலேயே வளர்ந்தது.

பிற்பகுதி மூடப்பட்டவற்றின் வரலாறு. அச்சகத்தாரும் நண்பர்களும் அதை நீக்கிவிடச் சொன்னார்கள். "மங்கலமான காரியத்தில் இது எதற்கு?" என்பது அவர்கள் வாதம். நான் நீக்கவில்லை. 2014-இல் தொடங்கிய பெப்பர்டேப் 2016-இலேயே மளிகை விநியோகத்தை நிறுத்தியதும், சென்னையில் கருக்கொண்ட ஸ்டேஜில்லா 2017 பிப்ரவரியில் தங்குமிடத் தொழிலை மூடியதும் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

விழா ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. ஞாயிறுதோறும் பகலில் இருப்புப்பாதை வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக்கைக் கருதியே அந்நேரம் குறித்தோம். அப்படியும் சிறப்பு விருந்தினர் ஆறே காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். இரயில்வே ஊழியன் விழாவுக்கு இரயிலே தாமதம் என்று செயலாளர் அவர்கள் வரவேற்புரையில் சொல்ல, மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

விருந்தினர் பவாயில் தொழில் நடத்தும் இளைஞர். இரண்டு நிறுவனங்களை மூடி மூன்றாவதை நடத்துகிறவர், நல்லவர், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினார். தோல்வி என்பதே இல்லை, எல்லாம் பாடம்தான் என்று அவர் முடித்தபோது இளைஞர்கள் நெடுநேரம் கைதட்டினார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து அம்பர்நாத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் எழுந்தார். "தம்பி, தோத்துப்போறதும் பாடம்னு சொன்னாங்க. சரி. அந்தப் பாடத்துக்குப் பீஸ் யாரு கட்டுறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் கணவர் பணி ஓய்வு பெற்றுப் பதினெட்டு இலட்சம் வந்திருக்கிறது. மகன் வேலையை விட்டுவிட்டு நண்பனோடு தொழில் தொடங்கப் பத்து இலட்சம் கேட்கிறான். வங்கிக் கடனுக்குத் தந்தை கையெழுத்தும் வேண்டும் என்கிறான். மகன் அவர் பக்கத்திலேயே தலைகுனிந்து அமர்ந்திருந்தான். விருந்தினர் என்னைப் பார்த்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கொடுங்கள் என்றோ கொடாதீர்கள் என்றோ சொல்ல நான் யார்? ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கலாம். அன்று ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில், மதிப்பு என்னும் சொல். ஒருவர் ஒரு கோடி கொடுத்துப் பத்தில் ஒரு பங்கை வாங்கினால், நிறுவனத்தின் மதிப்பு பத்துக் கோடி என்று செய்தித்தாளில் வரும். பெட்டியில் இருப்பது அந்த ஒரு கோடிதான். எங்கள் பார்சல் அலுவலகத்தில் பெறுமதி மிக்க சரக்கை அனுப்புவோர், இதன் மதிப்பு இவ்வளவு என்று தாமே எழுதிக் கையொப்பமிடுவார்கள். உள்ளே இருப்பதற்குச் சந்தையில் அவ்விலை கிடைக்குமா என்பது வாங்குவோன் வந்தபின்தான் தெரியும். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. நம் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் பாடத்துக்கு அதனிடம் பணம் கட்டியவர்கள் உண்டு. ஆகவே இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, தொழிலை எந்த உருவில் பதிவு செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தனிநபர் பெயரிலோ சாதாரணக் கூட்டாகவோ நடத்தினால், கடன் வீடுவரை வரும். பிரைவேட் லிமிடெட் எனப் பதிந்தால், பங்குதாரர் இழப்பது பொதுவாகத் தாம் போட்ட பணத்தோடு நிற்கும். அந்த வேலியை நாமே பிடுங்கிப்போடும் வழி ஒன்று உண்டு. அதுதான் ஜாமீன் கையெழுத்து. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. முதலில் மகனைக் கேட்டுவிட்டுத்தான் தந்தையிடம் வரவேண்டும் என்னும் கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. அதனால் பத்து இலட்சத்தை விட அக்கையெழுத்தே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. பத்து இலட்சம் போனால் பத்து இலட்சம் போகும். கையெழுத்து எங்கே போய் நிற்கும் என்பது கடன் தொகையையும் வட்டியையும் பொறுத்தது. சிறுதொழில்களுக்குப் பிணையும் மூன்றாமவர் ஜாமீனும் இன்றிக் கடன் தர வங்கிகளுக்கு உறுதியளிக்கும் திட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதலில் அதைக் கேட்டுப் பார்க்கட்டும் என்றேன்.

மூன்றாவது, தந்தை தரும் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது? கடனா, பங்கா, அன்பளிப்பா? நம்மவர்கள் இதை எழுதிக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். தொழில் மூடப்பட்டால், ஊழியர் சம்பளமும் வங்கிக் கடனும் பிற கடன்களும் தீர்ந்த பிறகே பங்குதாரர்முறை வரும். அவர்களிலும் பெருமுதல் போட்டவர்கள் முன்னுரிமை எழுதி வாங்கியிருப்பார்கள். சாதாரணப் பங்கு வைத்திருக்கும் தந்தை வரிசையின் கடைசியில் நிற்பார். நண்பனின் தந்தை எவ்வளவு தருகிறார் என்பதும் கேட்கத் தகாத கேள்வி அன்று.

இவற்றைக் கேட்டு விருந்தினர், "என் முதல் கம்பெனிக்கு அப்பா கையெழுத்து போட்டார், நான்கு வருடம் அடைத்தோம்" என்றார். அதைத் தம் சொற்பொழிவில் அவர் சொல்லவில்லை. இப்போது சொன்னார். மண்டபத்தில் கைதட்டல் இல்லை. ஆனால் அதன்பிறகு கேள்விகள் வந்தன. வந்தவை எல்லாம் பிற்பகுதியைப் பற்றியவையே. மேசையருகே நின்றவர்கள் நூலைப் பின்னிருந்து புரட்டுவதைப் பார்த்தேன். முந்நூறு படிகளில் அன்று எழுபத்திரண்டு விற்றன. சங்க நூலகருக்கு அளவற்ற மகிழ்ச்சி.

மறுவாரம் அந்த இளைஞன் தனியாக என் அலுவலகத்துக்கு வந்தான். வெளியூர் வண்டிக்குச் சரக்கு ஏற்றும் நேரம். அரை மணி காத்திருந்தான். கோபமாக வந்திருப்பான் என்றே எண்ணினேன். "அம்மா முன்னால என்னைத் திருடன் மாதிரி உட்கார வச்சுட்டீங்க, அண்ணே" என்றான். கோபம் இருக்கத்தான் செய்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு பையிலிருந்து வங்கித் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தான். இருவரும் படித்தோம். ஜாமீன் பத்திரம் ஏழாம் பக்கத்தில் தொடங்கியது. அது தொடரும் ஜாமீன் என்றும், பின்னால் வாங்கும் கடனுக்கும் பொருந்தும் என்றும் எழுதியிருந்தது. அவன் அந்தப் பக்கத்தை அதுவரை படித்திருக்கவில்லை. நண்பனின் தந்தை ஒன்றும் தருவதாக இல்லை என்பதையும் சொல்லிவிட்டான்.

வேலையை விடுவதை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறான். இரவில் நண்பனோடு உட்கார்ந்து வேலை செய்கிறான். வீட்டில் பத்து இலட்சம் மூன்று இலட்சமாகி, அதைக் கடனாக எழுதிக்கொள்வதென்று முடிவாயிருக்கிறதாம். தொழில் நடக்குமா நடக்காதா என்பதை அவனும் அறியான், நானும் அறியேன். அம்மையார் மட்டும் இன்னும் இரண்டு படிகள் வாங்கிப்போனார்கள், ஒன்று மகளின் மாமியார் வீட்டுக்கு. அங்கும் ஒரு பையன் இருக்கிறானாம்.