நீங்க கேரளாவா?

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து பலாலி வீதியால் நேரே வடக்கே போனால் விமான நிலையம். கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியபின், எங்கள் ஊராருக்குக் கொழும்பைவிடச் சென்னை கிட்ட வந்துவிட்டது. நானும் அதில்தான் போனேன். கூட வந்தவர் கொழும்புக் கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர். சிலாபத்துச் சிங்களவர், கத்தோலிக்கர். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

புறப்படும்போதே அவருக்குப் பயம். 2012 செப்டெம்பரில் வேளாங்கண்ணிக்குப் போன இலங்கை யாத்திரிகர்களின் பஸ்கள் திருச்சிக்குப் போகும் வழியில் தாக்கப்பட்டதையும், அடுத்த ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு பிக்கு அடிபட்டதையும் அவர் மறக்கவில்லை. கதைக்கிறதெல்லாம் நீங்கள்தான் என்று முதலே சொல்லிவிட்டார்.

சென்னையில் நடந்தது வேறு. ஆட்டோக்காரர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, "எங்க சார் போணும்?" என்றார். சாந்தோமில் மெழுகுதிரி விற்ற அம்மா, சாப்பாட்டுக் கடையில் இலை போட்ட பையன், எல்லாரும் அவரிடமே தமிழில் பேசினார்கள். அந்தக் கறுத்த, மீசை வைத்த முகம் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு முகம். பதில் சொல்ல நான் வாய் திறந்தபிறகுதான் சந்தேகம் வந்தது. "ஓம், எவ்வளவு எடுப்பீங்கள்?" என்றேன். "நீங்க கேரளாவா?" என்றார்கள்.

யாழ்ப்பாணத்தார் பலர் அங்கே கேட்டுப் பழகிய கேள்விதான். ஆனாலும் எனக்கு நொந்தது. தமிழ் என்றதற்காகவே இவ்வளவு இழந்த ஊரிலிருந்து வந்தவனை, தமிழ் நடமாடும் தெருவில் அயலான் ஆக்கிவிட்டார்களே என்று இருந்தது. பிறகு யோசித்தால் அந்த நோவு நிற்கவில்லை. இலங்கை என்றதும் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, "இப்ப அங்க எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தார். ஊகம் பிழைத்த இடத்தில் இன்னொரு கேள்விதான் வந்தது.

எங்கள் நாட்டில் அப்படி இருக்கவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில், முகத்தைப் பார்த்துத் தமிழரைப் பிரிக்கக் கும்பல்களாலேயே முடியவில்லை. வாகனங்களை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்து நாவில் சரியாக வராவிட்டால் உயிர் போகலாம். போர்க்காலத்து உரும்பிராயில் நான் கண்டது வேறொன்று: சோதனைச்சாவடியில் நின்றவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே சிங்களத்தில் கேட்பார்கள். அதை ஊகம் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு விளங்குமா என்று யோசிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை, அது அதிகாரம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்ன பிறகும் அப்படித்தான்.

இதையெல்லாம் வேளாங்கண்ணி பஸ்ஸில் அவருக்குச் சொன்னேன், என் அரைகுறைச் சிங்களத்தில். கேட்டுக்கொண்டிருந்தவர், தன் அம்மம்மா செபமாலை சொன்னது தமிழில்தான் என்றார். ஏழு வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. நீர்கொழும்பிலிருந்து வடக்கே நீளும் அந்தக் கரையில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் நிறைய. பள்ளிக்கூடம் சிங்களமாக, இரண்டொரு தலைமுறையில் வீடும் சிங்களமானது. சிங்களவராக இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அதை மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் சென்னைக்காரர்கள் அவரிடம் தமிழில் பேசியது முழுப் பிழை என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

கோயில் வாசலில் அவர் தமிழ்ச் செபப் புத்தகம் ஒன்று வாங்கினார், அம்மாவுக்காம். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தாய் சொல்லக் கேட்டதில் சில வரிகள் மட்டும் இன்னும் ஞாபகமாம். மற்றதை வாசித்துக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலாபம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.