அந்தாதியில் ஒரு புதையல் வேட்டை

எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறைக்கு ஒரு புதையல் வேட்டை தயார் செய்துகொண்டிருக்கிறேன். களம் காரைக்கால்தான். சைக்கிளில் ஒரு காலைப்பொழுதுக்குள் சுற்றிவிடலாம்.

துப்புகளை எப்படிக் கோப்பது என்று மூன்று நாள் தவித்தேன். கடைசியில் வழிகாட்டியவர் எங்கள் காரைக்கால் அம்மையார். அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியில் ஒரு பாட்டின் முடிவில்தான் அடுத்த பாட்டு தொடங்கும். அப்படி 101 வெண்பா. அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு துப்பின் விடைதான் அடுத்த துப்பின் முதல் சொல்.

முதல் துப்பு அம்மையார் கதையிலிருந்து: “மாங்கனி இரண்டு. ஒன்று அடியாருக்கு, ஒன்று கணவனுக்கு. மூன்றாவதைத் தந்தவர் நம் ஊரில் எங்கே இருக்கிறார்?” ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கும் மாம்பழத்துக்குக் கையேந்தி நின்ற பிள்ளை, கயிலாசநாதர் கோயிலுக்கு நேராக ஓடிவிடும்.

நான் மிகவும் ரசித்துச் செய்தது மூன்று இலக்கப் பூட்டு. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுதினால் 116, பூட்டு திறக்கும். செல்போனில் தேடக் கூடாது, வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள். கேட்க ஆள் வந்தால் போதும், சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தாதி என்றால் கடைசிச் சொல் முதல் சொல்லுக்கே திரும்பி வர வேண்டும். அதனால் அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில், பெட்டிக்குள், ஆளுக்கொரு மாங்கனி.