கோட்டையும் மகாலும்

சென்னைக் கோட்டையின் படத்தையும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறேன். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தெற்கே வந்து வரைந்துகொண்டு போனவை அவை. 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுப்புக்காக லண்டனில் அச்சாயின.

அக்வாடின்ட் என்பது அந்த அச்சுமுறையின் பெயர். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இறக்கினால் துகள்களின் இடுக்கில் மட்டும் செம்பு அரிபடும். வெளுப்பாக இருக்கவேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மீண்டும் இறக்குவார்கள், மீண்டும் மூடுவார்கள். அமிலத்தில் அதிக நேரம் கிடந்த இடம் அச்சில் கறுத்து வரும். கோட்டைக்குள் இருந்த கவர்னர் மாளிகையின் தூண்கள் பளீரென்று நிற்கின்றன என்றால், அந்த இடத்தை அமிலம் அண்டவிடாமல் ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள்.

அந்தப் பளபளப்பு பொய் இல்லை. சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு உண்மையிலேயே பளிங்குபோல மின்னியது. மதுரைப் படம் காட்டுவதுபோல் மகால் இடிந்து கிடந்ததும் உண்மைதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதரே அதைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். ஆனால் 1792 திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினியுடன் நடந்த போரில் தோற்றுப் பாதி நாட்டை இழந்த ஆண்டு. லண்டனில் இந்தப் படங்களை வாங்கியவர் ஒரே தொகுப்பில் கும்பினியின் புதுக் கட்டடத்தையும் நாயக்கரின் இடிபாட்டையும் பார்த்தார். யார் ஆள வந்தவர், யார் ஆண்டு முடித்தவர் என்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் கலை என்று பார்த்தால் மதுரைப் படமே உயர்ந்தது. வளைவுகளின் அடியில் நிழல் படிப்படியாக ஆழ்ந்துகொண்டே போகிறது. அக்வாடின்டால் என்ன முடியும் என்பது அங்கேதான் தெரிகிறது. கோட்டைப் படத்தில் அந்த ஆழம் இல்லை.

மகாலை 19ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். கோட்டையில் இன்று நம் சட்டமன்றம் கூடுகிறது. இந்த அச்சுகளை 'அந்தக்காலச் சென்னை', 'அந்தக்கால மதுரை' என்று மட்டும் போட்டு வெளியிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வரைந்தவர் யார், எந்த ஆண்டில், யார் வாங்குவதற்காக என்று படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள்.