ஒரு நடிகருக்காக அழுதவர்கள்

நாம் ஒருபோதும் நேரிற் சந்தித்திராத, நம்முடைய பெயரையோ ஊரையோ அறிந்திராத ஒரு மனிதர் காலமானார் என்று கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு அடைத்துக் கண்கள் கலங்குவதை அறிவுடையோர் சிலர் பேதைமை என்பர். நடிகனுக்காக அழுபவன் வெறும் நிழலுக்காக அழுகிறான் என்பது அவர்கள் கட்சி. அக்கட்சியில் நான் சேர்ந்தவனல்லன். 1987ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே யாழ்ப்பாணக் குடாநாடு எம்.ஜி.ஆருக்காக அழுததைக் கண்டவன் என்ற முறையில், அத்தகைய துக்கத்தினுள்ளே எவ்வளவு மெய் அடங்கியிருந்தது என்பதைச் சொல்லிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

எம்.ஜி.ஆர். எங்களுக்கு அந்நியரல்லர். 1917ஆம் ஆண்டு தை மாதம் 17ஆம் திகதி, கண்டிக்கு அப்பால் மலைகள் சூழ்ந்த நாவலப்பிட்டியிலே பிறந்து, தந்தையை இழந்த பாலகனாகக் கடல் கடந்து கும்பகோணம் போய்ச் சேர்ந்தவர் அவர் என்பதை எங்கள் ஊரில் எழுத்தறியாத கிழவியும் அறிவாள். 1965இல் சரோஜாதேவியோடு அவர் இலங்கைக்கு வந்தபோது, பிறந்த மண்ணுக்குப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறது என்று பெரியவர்கள் உரிமையோடு பேசிக்கொண்டார்கள். ஆயினும் அந்த உரிமைக்கு வித்திட்டது பிறப்புச் செய்தி அன்று. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களின் இருட்டிலே அது வேர்கொண்டது.

வின்சர், ராஜா, ராணி, மனோகரா, வெலிங்டன் என்று அந்தத் தியேட்டர்களின் பெயர்களைச் சொல்லும்போதே என் வயதொத்தவர்களுக்குச் சிறுபிராயம் முழுவதும் எழுந்து வந்து முன்னே நிற்கும். கலரியில், முதுகு சாய இடமில்லாத வாங்கில், முன்னால் இருப்பவரின் தலைக்கும் தோளுக்கும் இடையே கிடைத்த சிறு சந்தினூடாக நாங்கள் அவரைக் கண்டோம். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அதுவரை அடியும் உதையும் பட்டுக்கொண்டிருந்த அப்பாவியின் இடத்துக்கு வந்த, இரட்டையரில் மற்றவர், சவுக்கைக் கையிலெடுத்து நம்பியாரை விளாசுகிற கட்டம் வந்துவிட்டால் வாங்குகளின்மேல் ஏறி நின்று கூவாத பிள்ளை இல்லை. பகல் முழுதும் தோட்டத்திலே துலா மிதித்துக் களைத்த மனிதரும், சுருட்டுக் கொட்டிலிலே புகையிலையோடு மாரடித்த மனிதரும் அந்தச் சவுக்கின் ஒலியைத் தங்களுக்குக் கிடைத்த நியாயமாகவே கேட்டார்கள். 'படகோட்டி' வந்தபோது குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர் தங்கள் வாழ்வைத் திரையிலே கண்டு உருகினார்கள். குடியாதவர், புகையாதவர், தாயைத் தெய்வமாக மதிப்பவர் என்று திரையில் அவர் கொண்ட கோலம், பிள்ளைகளைப் படத்துக்கு விடத் தயங்கிய தாய்மாரையும் சம்மதிக்க வைத்தது.

இன்னுமொன்றைச் சொல்லவேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனபின், தமிழகத்திலிருந்து வரும் புதிய படங்கள் அருகின. ஆகவே பழைய பிரதிகளே மழை பெய்வதுபோன்ற கோடுகளோடு திரும்பத் திரும்ப ஓடின. அதனால் விளைந்த நன்மையும் உண்டு. தகப்பன் வாலிபத்திற் பார்த்துக் கைதட்டிய அதே 'நாடோடி மன்னன்' படத்தை மகனும் அதே தியேட்டரில் இருந்து பார்த்தான். இரண்டு தலைமுறைக்கும் ஒருவரே வீரர் என்றானது.

1983இல் தமிழர்மீது நடந்த கொடுமைகளுக்குப் பின்னர் ஆயிரமாயிரமாகக் கடல் கடந்த எம்மவர்க்கு, அவர் முதலமைச்சராயிருந்த தமிழகம் இடங்கொடுத்தது. ஆயுதமேந்திய எங்கள் இயக்கங்களுக்கு அவர் வெளிப்படையாகவே கைகொடுத்தார். திரையிலே எளியோருக்காக வாளெடுத்தவர் மெய்யுலகிலும் எங்கள் பக்கம் நிற்கிறார் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வீடுதோறும் இருந்தது.

அத்தகையவர் 1987 மார்கழி 24ஆம் திகதி மறைந்தார். சென்னையில் ராஜாஜி மண்டபத்திலே கிடத்தப்பட்ட உடலைக் காணச் சமுத்திரம்போல் ஜனங்கள் திரண்டதையும், மறுநாள் மெரீனாக் கரையில் அண்ணாவின் சமாதிக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டதையும் வானொலி எங்களுக்குச் சொல்லியது. எங்களுக்கோ ஊர்வலம் போக வீதி இல்லை. ஐப்பசி மாதத்திலே புலிகளோடு தொடங்கிய யுத்தத்தில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணப் பட்டணத்தைக் கைப்பற்றியிருந்தது, சந்திக்குச் சந்தி காவலரண், ஊரடங்கு. தீபாவளித் தினத்திலும் மறுநாளிலுமாகப் பெரியாஸ்பத்திரியினுள்ளேயே வைத்தியர், தாதியர், நோயாளர் என்று 60க்கும் மேற்பட்டோர் மாண்டுபோயிருந்தார்கள். செத்தவீடுகளுக்குப் பறை இல்லை. எட்டுச் செலவுக்கு இனத்தவர் வரவில்லை. அந்தியேட்டிக்குக் கீரிமலை போகப் பாதை இல்லை. அழவேண்டியவர்கள் அழாமலே இருந்த காலம் அது.

எங்கள் அயலில் ஒரு தாய். செல் விழுந்து மாண்ட தன் இளைய மகனை வளவுக்குள்ளேயே எரிக்கக் கொடுத்தவர். இரண்டு மாதமாக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை யாரும் காணவில்லை. அடுப்பு மூட்டினார், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அன்று விறாந்தையிலே ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்த பெண்களில் ஒருவர், “எங்கட எம்.ஜி.ஆர். போட்டாராம், அக்கா” என்று விம்மினார். தூணோடு சாய்ந்திருந்த அந்தத் தாய் திடீரென்று தலையிலே கைவைத்து, “என்ரை ராசா, பனைமட்டையை வாளாப் பிடிச்சு வளவெல்லாம் ஓடித் திரிஞ்சியே, உன்ரை எம்.ஜி.ஆரும் போட்டாரடா” என்று வாய்விட்டு அலறினார். மற்றப் பெண்கள் ஓடிச் சென்று அவரைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தமையனைச் சொல்லி அழுதாள். ஒருத்தி புருஷனைச் சொல்லி அழுதாள். ஐப்பசியில் நடந்திருக்கவேண்டிய செத்தவீடு அன்றுதான் எங்கள் ஒழுங்கையில் நடந்தது.

ஹோமர் பாடிய இலியத் காவியத்தில், பட்டிரோக்ளஸ் என்னும் வீரனின் உடலைச் சூழ்ந்து நின்று சிறைப்பட்ட பெண்கள் புலம்புகிறார்கள். அவர்கள் அழுதது அவனை முன்னிட்டு, ஆனால் அவரவர் துயரத்தையே எண்ணி என்று கவி சொல்கிறார். நம்முடைய ஒப்பாரியின் இயல்பும் இதுவே. பிறர் வீட்டுப் பந்தலிலே அழத் தொடங்கியவள் தன் வீட்டிற் போனவர்களையெல்லாம் அழைத்துத்தான் முடிப்பாள். இதனால் இறந்தவருக்குரிய துக்கம் குறைந்துவிடுவதில்லை. தன் துயரத்தைக் கொண்டுவந்து இறக்கிவைக்க எவனை ஒருவன் தேர்ந்துகொள்கிறானோ, அவனை அவன் எவ்வளவு நெருக்கமாக எண்ணியிருக்கவேண்டும்!

சந்தியிலே துப்பாக்கியோடு நின்றவை இந்தியத் துருப்புகள்; எங்கள் பெண்கள் அழுததோ இந்திய மாநிலம் ஒன்றின் முதலமைச்சருக்காக. இதிலே முரண்பாடு காண்பவர் காணலாம். அந்தப் பெண்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தேசங்களும் சேனைகளும் வகுத்த கணக்குக்கு வெளியே, பிள்ளைப் பருவத்தில் நன்மை வெல்லும் என்று தங்களுக்குக் காட்டிய ஒருவரை அவர்கள் அறிந்திருந்தார்கள், அவரையே அழுதார்கள்.

இன்று கல்வியங்காட்டிலே அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. அவருடைய படத்தைத் தியேட்டரில் ஒருபோதும் பார்த்திராத இளைஞர்கள், இதற்கு என்ன அவசியம் என்று கேட்பது நியாயமே. அவர்களுக்கு நான் சொல்வது இது. உங்களுக்கும் ஒரு நடிகர் இருப்பார். ஒருநாள் அவரும் போவார். அன்றைக்கு அழுகை வந்தால் அதை அடக்காதீர்கள். அழுகிறவனைக் கண்டு நகையாதீர்கள். அவன் எந்த மகனை, எந்தத் தகப்பனை, எந்த வீட்டை அந்தப் பெயருக்குள்ளே வைத்திருக்கிறான் என்பதை யாரறிவார்? அபிமானம் என்பது வாலிபத்தோடு உதிர்ந்துபோகும் வேடிக்கை அன்று. இழந்தவற்றையெல்லாம் சொல்லி அழ வழியற்றுப்போன ஒரு ஜனசமூகத்துக்கு, அதுவே அழும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.