மேலே பார்த்தால் சிங்கம் தெரியும்!

சஃபாரி என்றதும் திறந்த ஜீப், காக்கிச் சட்டை போட்ட கைடு... இதுதானே நினைவுக்கு வரும்? தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இரண்டுமே கட்டாயமில்லை. வாடகைக்கு எடுத்த சாதாரண காரில், நாமே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிங்கமும் யானையும் நடமாடும் காட்டுக்குள் நாள் முழுக்கச் சுற்றலாம்.

க்ரூகரின் பரப்பளவு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். நம் முதுமலைப் புலிகள் காப்பகம் 688 சதுர கிலோமீட்டர். அதாவது, சுமார் 28 முதுமலைகளைச் சேர்த்து வைத்த அளவு! 1898-ல் சாபி என்ற காப்புக்காடாகத் தொடங்கி, 1926-ல் தேசியப் பூங்காவானது.

ஜோகன்னஸ்பர்க் ஏர்போர்ட்டில் காரை எடுத்தால், ஐந்து மணி நேரத்தில் பூங்காவின் தெற்கு கேட்டுகளை எட்டிவிடலாம். அங்கேயும் நம்மூர்போல சாலையின் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பயம் இல்லை. நண்பர்கள் நான்கு பேர், நவம்பர் மாதம், ஐந்து நாள்கள். ஸ்குகுசா, லோயர் சாபி, சதாரா என மூன்று முகாம்களில் தங்கினோம். முகாம்களைச் சுற்றி மின்வேலி உண்டு. காட்டில் விலங்குகள் சுதந்திரமாகத் திரிய, வேலிக்குள் இருப்பது நாம்தான்.

காரே கூண்டு

ரூல்ஸ் ரொம்ப கறார். தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர எங்கேயும் காரைவிட்டு இறங்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக் கூடாது. மாலை கேட் மூடுவதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். தாமதமானால் அபராதம். நவம்பரில் முகாம் கேட் காலை 4.30-க்குத் திறந்து, மாலை 6.30-க்கு மூடுகிறது.

ஸ்குகுசாவிலிருந்து லோயர் சாபிக்கு 46 கிலோமீட்டர்தான். சாபி ஆற்றை ஒட்டிய அந்தச் சாலையைக் கடக்க எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தால், கடைசிக் குட்டி போகும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே ஹாரனுக்கு வேலையே இல்லை.

லோயர் சாபி முகாமை ஒட்டி, சன்செட் டேம் என்ற குளம் ஒன்று இருக்கிறது. காரைக் கரையில் நிறுத்தினால் போதும். நீர்யானைகள் முதுகு மட்டும் தெரிய மிதக்கின்றன. அந்த முதுகையே கல்லாக நினைத்து நாரைகள் நின்று மீனுக்குக் குறிவைக்கின்றன. மணலில் முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்கின்றன.

பறவைகளிலும் 'பெரிய ஆறு'

ஆப்பிரிக்காவின் 'பிக் ஃபைவ்' எல்லோருக்கும் தெரியும்: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. க்ரூகரில் பறவைப் பிரியர்களுக்கு 'பிக் சிக்ஸ்' என்ற தனிப் பட்டியலே உண்டு. தரையில் நடந்து இரை தேடும் இருவாச்சி, நம் கானமயிலின் நெருங்கிய சொந்தமான கோரி பஸ்டர்டு, மார்ஷியல் கழுகு, லாப்பெட் ஃபேஸ்டு பாறு, மீன் பிடிக்கும் பெல்ஸ் ஆந்தை, சேணம் வைத்தது போன்ற அலகுள்ள நாரை. பூங்காவில் 500-க்கும் அதிகமான பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

இதில் பாதிப் பறவைகள் நமக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. பனங்காடைக்கு ஊதா நிறத்தில் நெஞ்சு வைத்தால் அது அங்கத்திய 'லைலக் பிரெஸ்டட் ரோலர்'. கரிச்சான் அங்கேயும் அதே பிளவுபட்ட வாலோடு கிளை நுனியில் உட்கார்ந்திருக்கிறது.

"சிங்கம் பார்க்க வந்துட்டு குருவிக்கு எதுக்குடா கார நிறுத்தற?" என்று பின்சீட்டில் இருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அந்தக் குரல் மூன்றாம் நாள் காலையோடு நின்றுபோனது.

மரத்தில் எழுதிய செய்தி

சதாராவுக்குக் கிழக்கே எஸ்100 என்ற மண் சாலை. காலை ஆறு மணி இருக்கும். இலையில்லாத மரம் ஒன்றில் இருபதுக்கும் மேற்பட்ட பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், அசையாமல் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் பார்வையும் தரையில் ஒரே இடத்தில். கீழே புல்லைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாறுகள் தரையில் இறங்கி இரையைத் தின்றுகொண்டிருந்தால், வேட்டையாடிய விலங்கு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். மரத்திலேயே காத்திருந்தால், சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர் இன்னும் பந்தியிலிருந்து எழவில்லை! இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து, புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. முகமெல்லாம் ரத்தம். காரில் யாரும் மூச்சுகூட விடவில்லை.

அந்தப் பக்கம் இரண்டு கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. அவர்கள் சாலையை மட்டும்தான் பார்த்தார்கள். காட்டில் செய்தி முதலில் மரத்தின் மேல்தான் வருகிறது.

செய்தி சொன்னால் தண்டனை

ஆனால், இப்படிச் செய்தி சொல்வதுதான் பாறுகளின் உயிருக்கு உலை வைக்கிறது.

யானையையோ காண்டாமிருகத்தையோ திருட்டுத்தனமாகக் கொன்றால், சிறிது நேரத்தில் வானத்தில் பாறுகள் வட்டமிடும். அதைப் பார்த்து வனக்காவலர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வேட்டைக்காரர்கள் இறந்த விலங்கின் உடலிலேயே விஷம் வைக்கிறார்கள். பாறுகளின் உடல் பாகங்களுக்கு நாட்டு வைத்தியம், மாந்திரீகம் என்று ஒரு கள்ளச் சந்தையும் இருக்கிறது.

2019-ல் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் விஷம் வைத்த யானை உடல்களைத் தின்று 500-க்கும் அதிகமான பாறுகள் செத்தன. 2025 மே மாதம் க்ரூகருக்குள்ளேயே, பூச்சிக்கொல்லி கலந்த யானை உடலைத் தின்று 120-க்கும் அதிகமான பாறுகள் இறந்தன. உயிருக்குப் போராடிய 80-க்கும் மேற்பட்டவற்றை ஹெலிகாப்டரிலும் ஆம்புலன்ஸிலும் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு ஒருமுறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரே நாளில் நூறு போனால், அந்த இடம் நிரம்ப எத்தனை வருடம் ஆகும்?

காண்டாமிருகங்களின் கதையும் இதுதான். க்ரூகரில் 2011-ல் வெள்ளைக் காண்டாமிருகங்கள் 10,000-க்கும் மேல். வேட்டையும் வறட்சியும் சேர்ந்து, 2020-ல் அவை 3,000-க்கும் கீழே குறைந்துவிட்டன. முகாம்களில், எந்த விலங்கை எங்கே பார்த்தோம் என்று கலர் காந்தங்களை ஒட்டும் மேப் போர்டு இருக்கும். சிங்கம், சிறுத்தை, யானை எல்லாவற்றுக்கும் அதில் காந்தம் உண்டு. காண்டாமிருகத்துக்கு மட்டும் இல்லை.

அதற்கும் ஒரு பறவைதான் காவல். முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கருக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'காண்டாமிருகத்தின் காவலாளி' என்றே பெயர். தென்னாப்பிரிக்காவின் இன்னொரு காப்பகத்தில் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வு இந்தப் பெயரை உண்மையாக்கியது. தனியாக இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள், தங்களை நோக்கி நடந்து வந்த மனிதரை நூற்றுக்கு 23 தடவைதான் கண்டுகொண்டன. முதுகில் ஆக்ஸ்பெக்கர் இருந்தபோது, அது கத்திக் காட்டிக்கொடுத்ததால் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பாறுகளை இழப்பது நமக்குப் புதிது இல்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவிகிதம் அழிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. மிஞ்சியவற்றில் சில, நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னமும் கூடு கட்டுகின்றன.

போவதற்கு முன்...

* இந்தியர்களுக்கு விசா தேவை. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் கையில் இருப்பது நல்லது.

* விலங்குகளைப் பார்க்க ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். புல் குட்டையாக இருக்கும், எல்லாம் தண்ணீருக்கு வரும். பறவைகளுக்கு, வலசை வரும் நவம்பர் முதல் மார்ச் வரை.

* இங்கே மலேரியா உண்டு. கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

* முகாம் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல மாதங்கள் முன்பே புக் செய்யுங்கள். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் சண்டை வராது.

* காண்டாமிருகத்தைப் பார்த்தால் தாராளமாகப் படம் எடுங்கள். ஆனால், அதற்கு முன் போன் கேமராவில் லொகேஷனை ஆஃப் செய்துவிடுங்கள். இன்ஸ்டாவில் போடும்போதும் எந்தச் சாலை, எந்தக் குளம் என்று எழுதாதீர்கள். உங்கள் ஒரு போஸ்ட், வேட்டைக்காரனுக்கு வழிகாட்டும் மேப் ஆகிவிடக் கூடாது.