தையல் பிரித்த பிறகு



நம் சபையின் ஜெபக் குறிப்பேட்டில் “அறுவைச் சிகிச்சைக்காக” என்று எழுதப்படும் பெயர்கள் ஏராளம். இரண்டொரு வாரத்தில் அதே பெயருக்கு எதிரே “நல்லபடியாக முடிந்தது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்று எழுதப்படும். அதன்பின் அந்தப் பெயரை எவரும் வாசிப்பதில்லை. கண்புரைக்கும் குடல்வாலுக்கும் அது பொருந்தலாம். எலும்பு முறிந்து கம்பி வைக்கப்பட்டவருக்கோ, மூட்டு மாற்றப்பட்டவருக்கோ, தையல் பிரித்த நாளில்தான் நீண்ட பாடு தொடங்குகிறது. அந்த நாட்களைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

குண்டடத்தைச் சுற்றியுள்ள நம் வீடுகளுக்கு இந்தத் துன்பம் பெரும்பாலும் இரண்டு வழியாக வருகிறது. முதியவர்கள் இரவில் புறக்கடைக்குப் போகையில் வழுக்கி விழுகிறார்கள். இளையவர்கள் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு இருசக்கர வாகனத்தில் திரும்புகையில் விழுகிறார்கள். முறிந்த எலும்பை நேராக்கிக் கம்பி செலுத்துவதும், தகடு பதிப்பதும், உடைந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாகப் புதியது வைப்பதும் இன்று சில மணி நேர வேலை. சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் அரசுத் திட்டம் நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அது பெரிய நன்மை. ஆனால் 48 மணி நேரத்துக்குப் பின்வரும் ஆறு மாதங்களை வீடுதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆறு மாதங்களில் உடலுக்குள் நடப்பதைச் சற்று அறிந்துகொள்வோம். எலும்பு தன்னால் கூடும். அதைப் படைத்தவர் அப்படி ஏற்படுத்தியிருக்கிறார். தசையோ பயன்படுத்தாவிட்டால் கரையும். தொடையின் முன்பக்கத் தசை சில நாட்கள் சும்மா கிடந்தாலே மெலியத் தொடங்கிவிடுகிறது. மடக்கப்படாத முழங்கால் இறுகிப்போகிறது. முதியவர்களுக்கு இன்னும் மோசம்: படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும், முதுகில் படுக்கைப்புண் வரும். ஆகவேதான் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட எண்பது வயதுத் தாயாரைக்கூட, இயன்றால் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது இரக்கமற்ற செயலாகத் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் ஒரு தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை குறைவின்றி நடந்தது. மருத்துவமனையில் இருந்தபோதே நான்கு அடி நடந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒவ்வோர் அடிக்கும் அழுதார்கள். மகன் தாயைத் தலைமேல் வைத்துத் தாங்குகிறவர். அந்த அழுகையை அவரால் சகிக்க முடியவில்லை. “அம்மா, நீ எந்திரிக்க வேண்டாம். வேணுங்கறது எல்லாம் கட்டிலுக்கே வரும்” என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். அப்படியே எல்லாம் கட்டிலுக்கு வந்தது: கஞ்சி வந்தது, வெந்நீர் வந்தது, நற்கருணையும் வந்தது. ஐந்தாம் மாதம் அந்தத் தாயாரை அடக்கம் செய்தோம். கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தில் மூட்டு வைத்த இடத்திலேயே செம்மையாக இருந்தது. அந்த மகனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறெந்த விதமாகவும் அன்புகூர அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அறிந்தவர்களையும் இந்த அன்பு விடுவதில்லை. நமக்கு வடகிழக்கே நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் ஊழியம் செய்த எவெலின் பிராண்ட் அம்மையாரைப் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் அதே மலையில் காய்ச்சலால் மரித்தார். அம்மையாரோ முதுமையிலும் மலையை விட்டு இறங்க மறுத்துவிட்டார். ஏறத்தாழ 75 வயதில், தனியே இருந்தபோது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தவரை மறுநாள் காலையில்தான் ஒரு வேலையாள் கண்டார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிறக்கி, பின்பு ஜீப்பில் கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு கொண்டுபோனார்கள்.

அவருடைய மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயர்பெற்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர். அறுவைக்குப் பின்வரும் பயிற்சி இன்றி எந்த அறுவையும் பயன் தராது என்பதை அவரைப்போல் அறிந்தவர் அந்நாளில் அதிகம் பேர் இல்லை. அவரும் மலைக்குப் போய்த் தாயிடம் என்ன கேட்டார் தெரியுமா? இனி ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான். பெற்ற தாய் என்று வருகையில் மருத்துவரும் மகனாகிவிடுகிறார். அம்மையார் சம்மதிக்கவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். நடக்கமுடியாத இடங்களுக்குக் குதிரையில் போனார். கிராமம் கிராமமாகச் சென்று, 1974-இல் 95-ஆம் வயதில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஊழியம் செய்தார். எல்லாராலும் இப்படி இயலாது என்பீர்கள், உண்மைதான். அவரைப்போல் குதிரை ஏறும்படி உங்கள் பாட்டியை நான் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து வாசற்படிவரை நடந்தால் போதும்.

அந்த மகன் வேலூரில் செய்த வேலையிலிருந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அவர் 1940-களின் இறுதியில் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். நல்ல நிலையிலிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களோடு இணைப்பது அதன் முறை. சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்ததும் நோயாளி விரலை நீட்ட முயல்வார், அது அசையாது. ஏனெனில் தசை புதிய வேலைக்கு மாற்றப்பட்ட செய்தி மூளைக்கு இன்னும் எட்டவில்லை. பயிற்சியாளர் அருகிலிருந்து, “விரலை மறந்துவிடுங்கள்; அந்தத் தசை முன்பு செய்த அசைவைச் செய்யுங்கள்” என்பார். அப்போது விரல் சற்றே நகரும். அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, மறுபடி மறுபடி செய்து, வாரக்கணக்கில் மூளை புதிய பாதையைக் கற்றுக்கொள்ளும். அறுவை செய்தவரால் அந்தப் பாதையைத் தைத்துக் கொடுக்க முடியாது.

கை சரியானபின்னும் கதை முடியவில்லை. நேரான கைக்குப் பிச்சை விழாது. தொழுநோயாளி என்று வேலையும் கிடைக்காது. இதைக் கண்ட பிராண்ட் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே தச்சுவேலை முதலியவற்றைக் கற்பித்தார். உழைத்து உண்ணும் நாள்வரை ஒருவர் குணமடைந்தார் என்று அவர் எண்ணவில்லை.

அவருடன் பணிசெய்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் வாகன விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் அதற்கென்று ஒரு துறையும், 1966-இல் பாகாயத்தில் ஒரு மறுவாழ்வு நிலையமும் அவர் தலைமையில் உருவாயின. “என்னால் முடியாது” என்று சொல்லும் நோயாளியின் எதிரே சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர் அமர்ந்திருந்ததை எண்ணிப் பாருங்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில், பிறவியிலேயே நடக்கமுடியாத ஒருவன் அலங்கார வாசலில் எழுந்து நடந்ததை அறிவீர்கள். அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். ஒருபோதும் நின்றறியாத கால்கள் குதித்தன. அவனுக்குக் கால் மாத்திரம் அருளப்படவில்லை, நடக்கக் கற்கும் காலமும் ஒரே நொடியில் அருளப்பட்டது. நமக்கோ அந்தக் காலம் தள்ளுபடி ஆவதில்லை. ஆனால் அந்தப் பகுதியில் நாம் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பேதுரு பேசியதோடு நிற்கவில்லை. அவனுடைய வலதுகையைப் பிடித்துத் தூக்கினான் என்று மருத்துவனாகிய லூக்கா கவனித்து எழுதுகிறார்.

நம் ஊரின் குறை இந்த வலதுகைதான். காலையில் பனியன் கம்பெனி வண்டி வந்து போனால் வீடுகள் காலியாகிவிடுகின்றன. மகனும் மருமகளும் இரவு திரும்பும்வரை முதியவர் தனியே. வாக்கர் மூலையில் நிற்கிறது. பிடித்து எழுப்ப ஆளில்லை. விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில், போகும்போதே “எந்திரிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஓய்வுபெற்றவர்களும் காட்டுவேலை குறைந்தவர்களும் நம்மில் பலர் இருக்கிறோம். பதினொரு மணிக்கு அரைமணி நேரம் அந்த வீட்டுக்குப் போகமுடியும். போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிப்போவது நம் வழக்கம், அது இருக்கட்டும். கட்டிலருகே அமர்ந்து, யார் யாருக்கு இதே அறுவை தோற்றது என்ற கதைகளைச் சொல்லாதிருங்கள். “இன்றைக்கு எத்தனை அடி?” என்று கேளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சித்தாளை வாங்கிப் பார்த்து, அவர் அனுமதித்ததை மாத்திரம் செய்யத் துணைநில்லுங்கள். ஒரு கையில் கோல் ஊன்றுகிறவர் நோயுள்ள காலுக்கு எதிர்க்கையில் ஊன்ற வேண்டும். படியேறுகையில் நல்ல கால் முந்தவேண்டும், இறங்குகையில் நோயுள்ள கால் முந்தவேண்டும். வலியில் முகம் சுளித்தால் பதறாதிருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களே, நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள்வரை 70 விழுக்காடு கூலி உண்டு. வேலைக்குப் போகையிலோ திரும்புகையிலோ நேர்ந்த விபத்து பணிக்கால விபத்தாக ஏற்கப்பட்டால், இயலாமை நீடிக்கும்வரை 90 விழுக்காடு. பலர் இதைக் கேட்காமலே, முழங்கால் மடங்குமுன் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நம் வாலிபர் ஒருவர் தொடையில் கம்பியோடு இப்போது அதற்காகத்தான் போராடுகிறார். ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டில் உழைத்தவர். கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, நல்ல காலால் நோயுள்ள காலை மெல்லப் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஒரு வேளைக்கு இருபது முறை. நம் சபையின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா தினமும் போய், பள்ளியில் வாய்ப்பாடு ஒப்புவிக்கக் கேட்டதுபோல, எண்ணிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் 60 பாகை மடங்கிய முழங்கால் இந்த வாரம் 75 பாகை மடங்குகிறது. மெஷின் முன்னால் அமர்ந்து பெடலை மிதிக்க 90 வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை ஐயா வருகிறார். சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.