அப்பாவின் இடது முழங்காலும் ஆட்டோமேட்டிக் காரும்!

“ஆட்டோமேட்டிக்கா? பெட்ரோலை மடமடன்னு குடிச்சிடும். வேணாம்டா!”

இடது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே அப்பா சொன்னார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் வேலூர் ரோடு நகராது. கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து... மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அப்பா கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். ஆணியில் தொங்கும் சாவியைப் பார்க்காத மாதிரி அவர் கடந்து போவதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அப்பா சொன்னதிலும் உண்மை உண்டு. பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில் நிரம்பிய ‘டார்க் கன்வெர்ட்டர்’. ஒரு மின்விசிறியின் காற்று எதிரே உள்ள விசிறியைச் சுழற்றுவதுபோல, ஆயில் வழியாகத்தான் சக்தி போகும். வழியில் கொஞ்சம் சூடாகி வீணாகும். கியர்களும் மூன்று, நான்குதான். அதனால் மைலேஜ் அடிவாங்கியது. இப்போது ‘லாக்-அப்’ கிளட்ச், கூடுதல் கியர்கள் எல்லாம் வந்து அந்த இழப்பு நிறைய குறைந்துவிட்டது.

நம்ம ஊர் சின்ன கார்களில் வரும் ஏ.எம்.டி கதையே வேறு. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. 2014-ல் மாருதி செலிரியோ வந்தபோது மேனுவல், ஏ.எம்.டி இரண்டுக்குமே அதிகாரபூர்வ மைலேஜ் ஒன்றுதான்: லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். இதைச் சொன்னேன்.

“அதெல்லாம் பேப்பர்ல. ரோட்ல காட்டு” என்றார்.

பழைய காரைக் கொடுத்து ஏ.எம்.டி எடுத்தோம். எதிர்வீட்டு சாரிடம் அதே மாடல், மேனுவல். இருவரும் டேங்க்கை ஃபுல் செய்து, ஓடிய தூரத்தையும் அடுத்தடுத்து நிரப்பிய பெட்ரோலையும் குறித்தோம். ஒரு மாதம், 600 கிலோமீட்டர். எங்களுக்கு 37 லிட்டர், அவருக்கு 36. அதாவது லிட்டருக்கு 16.2, 16.7.

“பாத்தியா, நான் சொன்னேன்ல!” என்றார் அப்பா.

“ஒரு லிட்டர்தான்ப்பா. மாசம் நூறு ரூபாய் சொச்சம். உங்க தைலம் என்ன விலை?”

பதில் இல்லை.

ஒரு மாதக் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஓட்டுகிறவர் காலைப் பொறுத்தும் மைலேஜ் மாறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ஏ.எம்.டி குறைந்த கியரிலேயே இழுக்கும், பெட்ரோல் போகும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். மேட்டில் நிற்கும்போது பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். ஆக்ஸிலரேட்டரில் பிடித்து வைத்தால் கிளட்ச் தேயும். உண்மையில் யோசிக்க வேண்டியது, வாங்கும்போது மேனுவலைவிட சுமார் அரை லட்சம் கூடுதலாகக் கொடுப்பதைத்தான்.

போன ஞாயிறு அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, செஞ்சிக் கோட்டை வரை அப்பாவே ஓட்டிப்போய் வந்தார். வந்ததும் தைல பாட்டிலைத் தேடவில்லை. மைலேஜ் நோட்டைத்தான் தேடினார்.